தீர்வை அண்ணை கொளுத்திப் பார்த்த நூல்

வேலணைத் தீவில் தீர்வை அண்ணையின் கையில் அகப்படாமல் தப்பிய துணி கிடையாது. கட்டியிருப்பது யாராயிருந்தாலும் சரி.

கொழும்பில் சுங்க முகவர் ஒருவரிடம் நெடுங்காலம் வேலை பார்த்தவர். இறக்குமதியாகும் சாமான் சுங்கவரிக்கான தீர்வைப் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் வரும் என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை; பட்டப்பெயரும் அதனால் வந்தது. வேலையை விட்டுவிட்டு எங்கள் தீவின் மண்கும்பான் கிராமத்துக்கு வந்தார். பழக்கம் விடவில்லை. கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தலைப்பாகையைத் தடவிப் பார்த்து, “இது உடுப்புக்குள்ள வராது, தொப்பியோட போகும்” என்று மணவறையிலேயே தீர்ப்புச் சொன்னவர். பிறகு பெண்ணின் மாமாவுடைய பட்டு வேட்டியிலிருந்து ஒரு நூலை இழுத்து நெருப்புக்குச்சியால் கொளுத்தினார்.

“மயிர் கருகின மணம் வந்தால் பட்டு. உருகினால் செயற்கை.”

நூல் உருகிச் சொட்டியது. மாமா சாப்பிடாமலே போய்விட்டார்.

இப்படிப்பட்டவரிடம் நானாகவே போய் நின்றேன். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். ஆனால் மகள் ஆரணியின் முன்பள்ளிக் கூட்டத்தில், கடல் நடனத்துக்கு மீன் உடுப்பு யார் தைப்பது என்று ஆசிரியை கேட்டபோது என் கை தானாக உயர்ந்துவிட்டது. பிரான்சில் இருக்கும் அக்கா ஃபெல்ட் துணி, கம்பளி நூற்பந்து, பஞ்சுக் குஞ்சங்கள், ஒட்டுகிற கண்கள் எல்லாம் பார்சலில் அனுப்பினாள். மேலே “பிள்ளைகளின் உடுப்பு” என்று எழுதிவிட்டாள்.

பட்டணத்துச் சுங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. “உடுப்பு எண்டு போட்டிருக்கு. திறந்தால் ஒரு சட்டையும் இல்லை. வந்து விளங்கப்படுத்துங்கோ.”

இது பொய் சொன்னதாகிவிடுமா? அக்காவுக்கு ஏதும் பிரச்சினை வருமா? விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

“உடுப்பு இல்லைத் தங்கச்சி, உடுப்பாகப் போற சாமான்” என்றார் தீர்வை அண்ணை. “மாவைக் காட்டிப் புட்டு எண்டு சொல்லுவீரோ? வாரும், நானும் வாறன்.”

பார்சல் சோதிக்கும் இடத்தில் இருந்த இளம் அதிகாரி களைத்துப்போயிருந்தார். “சரி அக்கா, எல்லாத்தையும் கைவினைச் சாமான் எண்டு ஒண்டாப் போடுவம். கொண்டு போங்கோ.”

நான் கையை நீட்டினேன்.

“பொறும் தம்பி!” என்றார் அண்ணை. “அப்பிடி ஒரு தலைப்பே இல்லை. ஃபெல்ட் ஒரு அத்தியாயம், குஞ்சம் வேற அத்தியாயம். கண் பிளாஸ்டிக்.”

“ஐயோ, கண்ணை விடுங்கோவன்!” என்றேன் நான்.

“கண்ணை எப்பிடி விடுறது? இந்த நூற்பந்திலயும் கம்பளி எண்டுதான் எழுதியிருக்கு. ஆர் கண்டது?”

நான் தடுக்குமுன் குச்சி எரிந்தது. நூல் உருகியது. “பாத்தீரோ, அக்ரிலிக்!” என்று அவர் சந்தோஷத்தில் கூவ, புகையைக் கண்ட காவலாளி வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். மேசை நனைந்தது. அதிகாரியும் நனைந்தார். பார்சல் உள்ளே போனது, நாங்கள் வெளியே வந்தோம்.

எனக்காக வந்தவர் எனக்கு எதிராகவே வாதாடியிருக்கிறார்! தீவுக்குத் திரும்பும் பண்ணைப் பாலம் முழுக்க, விழாவுக்கு மிச்சமிருந்த நாளை விரலில் எண்ணிக்கொண்டு வந்தேன். பேருந்து மண்கும்பானை நெருங்கும்போது, “பிழையாப் போட்டால் நாளைக்கு உம்மைத்தானே கேப்பினம்” என்றார் மெதுவாக. நான் திரும்பிப் பாராமல் இறங்கி நடந்தேன்.

மறுநாள் ஆரணிக்குக் காய்ச்சல். என்னால் வீட்டை விட்டு அசைய முடியவில்லை. விழாவுக்கு முதல்நாளும் அப்படியே விடிந்தது. மத்தியானம் கொட்டுகிற மழையில் அண்ணை வந்து நின்றார், வெறும் மேலோடு. சட்டையும் மழைக்கோட்டும் பார்சலைச் சுற்றியிருந்தன.

“தம்பியிட்ட மன்னிப்புக் கேட்டனான். ஒவ்வொண்டாப் பிரிச்சு, சரியாப் போட்டாச்சு.”

“இனி எப்பிடி அண்ணை முடிக்கிறது? ஒரு பின்னேரம்தான் கிடக்கு.”

“கத்தரிக்கோல் ரெண்டு இருக்கோ?”

“உங்களுக்கு வெட்டத் தெரியுமோ?”

“தெரியாது. இவ்வளவு காலமும் சாமான் வந்து இறங்குறதைத்தான் பாத்தனான். அது என்னவாப் போகுதெண்டு ஒருநாளும் பாக்கேல்லை.”

அவர் வெட்டிய முதல் மீன் கத்தரிக்காய் போல் இருந்தது. போகப்போகச் செதில்கூட வந்தது. இருட்டுமுன் எல்லா மீன்களுக்கும் வால் முளைத்துவிட்டது.

விழாவில், காய்ச்சல் விட்ட ஆரணி மேடைக்கு வந்ததும் அவளுடைய மீனின் ஒரு கண் கழன்று விழுந்தது. அவள் உதடு பிதுங்கியது. நான் எழும்புவதா, எழும்பினால் சரியா என்று யோசித்துக்கொண்டிருக்க, மேடையின் ஓரமாகத் தீர்வை அண்ணை தவழ்ந்து போனார், வாயில் பசைக்குழாயோடு. மேடையில் கட்டியிருந்த துணி அலைகளுக்கு நடுவே கண்ணை ஒட்டினார். சனம் சிரித்தது. ஆரணியும் சிரித்து ஆடத் தொடங்கினாள். அவர் நண்டு போலப் பின்பக்கமாகவே திரும்பி வந்தார்.

இப்போதும் எங்கள் வீட்டுப் படலையடியில் நின்று, “தங்கச்சி, வரலாமோ?” என்று கேட்பார். இனிமேல் அப்படிக் கேட்கக் கூடாது, நேரே உள்ளே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.