டக்கோராடிக் கூலி

"என்னய்யா, நம்ம ஊரு கென்கேயைப் புதுசா பாக்குற மாதிரி பாக்குற?" என்றார் மேஸ்திரி அமோவா.

துவும் அவசரமாக வாழையிலைப் பொதியைப் பிரித்தான். உள்ளே புளித்த மக்காச்சோள மாவு உருண்டை. குமாசியில் பிறந்த நாளிலிருந்து அவனுக்கு மதியச் சாப்பாடு என்றால் ஃபுஃபு என்ற கிழங்குக் களியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான். புளிப்பு உள்ளே போனாலே வயிறு கலவரம் செய்யும். ஆனால் நான்கு நாளாக அவனும் மேஸ்திரியைப் போல டக்கோராடிக்காரன்.

எல்லாம் இதே குமாசியில் எண்ணெய்த் தொட்டி கட்டும் இடத்து கேட்டில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவால் வந்த வினை. குமாசி வெல்டருக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது சீடி கூலி. டக்கோராடி வெல்டர் என்றால் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் தேறியவன் என்று முந்நூற்றிருபது. அதே ராடு, அதே புகை, அதே கண்ணெரிச்சல். கூலிக்கு மட்டும் ஊர் பார்க்கிறார்கள். "எந்த ஊரு?" என்று குமாஸ்தா கேட்டபோது, துவுமின் வாய் அவனைக் கேட்காமலேயே "டக்கோராடி" என்றுவிட்டது. கடலை அவன் காலண்டரில்தான் பார்த்திருக்கிறான்.

அவன் பேராசைக்காரன் அல்ல, பாவம். அவனும் மனைவி செர்வாவும் ஆறு வருடமாக அவளுடைய மாமா வீட்டுக் கூடத்தில், மாமாவின் குறட்டைக்குப் பக்கத்தில் படுக்கிறார்கள். இரண்டு அறை வீடு ஒன்று பார்த்தாயிற்று. வீட்டுக்காரர் எல்லோரையும் போல இரண்டு வருட வாடகையை முன்பணமாகக் கேட்கிறார். வேலை முடிகிற வரை டக்கோராடிக் கூலி வந்தால் சாவி கையில். குமாசிக் கூலி என்றால் குறட்டைதான்.

"வயிறு சரியில்ல மேஸ்திரி."

"ரெண்டு உருண்டை உள்ள தள்ளு, சரியாயிடும். நம்ம ஊருக்காரனுக்கு அதானே மருந்து?"

துவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினான். பேச்சை மாற்ற, கூட இருந்த வறுத்த மீனைப் புகழ ஆரம்பித்தான்.

"ஆகா! மீனுன்னா இது மீனு. கடல் வாசம் அப்படியே அடிக்குது!"

அமோவாவும் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "நம்ம துறைமுகத்துலயே உக்காந்து சாப்பிடுற மாதிரி இருக்குய்யா!"

கென்கேயும் மீனும் விற்கும் அக்காவுக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

"கடல் மேடையில எத்தனை வருஷம் இருந்த?" என்றார் அமோவா.

"ஏழு."

"ரொம்ப உயரமோ?"

"மேகமெல்லாம் காலுக்குக் கீழதான் போகும்."

"அப்படிப் போடு! தொட்டி உச்சியில கொஞ்சம் பத்தவைக்கணும். உன்னை மாதிரி கடல்ல இருந்து வந்தவங்க இன்னும் பதினோரு பேரு இருக்காங்க. என்னமோ தெரியல, பதினோரு பேருக்கும் இன்னைக்கு இடுப்புவலியாம். நீ ஏறு."

துவும் நாற்பதடி ஏணியில் ஏறினான். பத்தாவது படியில் கடவுளைக் கூப்பிட்டான். இருபதாவது படியில் அம்மாவைக் கூப்பிட்டான். உச்சிக்குப் போனதும் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தான். கேட்டருகே தலையில் பாத்திரத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

செர்வா! நான்கு நாளாகப் புருஷன் பசியோடு வீடு திரும்புகிறானே என்று சோறு கொண்டு வந்திருக்கிறாள்.

"ஃபுஃபு ஆறிப்போகுது, இறங்கி வாங்க!" சந்தைக்கே கேட்கும் குரல். அதுவும் அச்சு அசல் குமாசிப் பேச்சு.

அமோவா அண்ணாந்து பார்த்தார். "யாருய்யா இந்தம்மா? குமாசிக்காரி மாதிரி தெரியுது?"

உயரத்தில் மூளை வேலை செய்யாது போலிருக்கிறது. "நான் தங்கியிருக்கிற வீட்டுச் சமையல்காரி மேஸ்திரி!" என்று கத்தினான் துவும்.

செர்வா பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். இடுப்புத் துணியை இழுத்துக் கட்டினாள்.

"யாரு சமையல்காரி? ஆறு வருஷமா குடும்பம் நடத்துற நான் சமையல்காரியா?"

"கோவிச்சுக்காதம்மா," என்றார் அமோவா. "டக்கோராடியில இருந்து பிழைக்க வந்த புள்ள..."

"டக்கோராடியா? இவரா? பக்கத்துல இருக்கிற போசும்ட்வே ஏரியில படகுல ஏத்தினதுக்கே வாந்தி எடுத்த மனுஷன்யா இவரு! இந்தக் குமாசியில பொறந்து, இங்கயே வளர்ந்து, இங்கயே என்னைக் கட்டினவரு! கூப்பிடுங்க உங்க முதலாளியை, அவருகிட்டயே சொல்றேன்!"

தளம் முழுக்க வெல்டிங் பொறி ஒவ்வொன்றாக அணைந்தது. பதினோரு முகமூடிகள் மேலே தூக்கப்பட்டன. துவுமுக்கு அழுகை வந்தது. இரண்டு அறையும் சாவியும் போயே போச்சு. இனி ஆயுள் முழுக்க மாமாவின் குறட்டைதான்.

ஆனால் அமோவாவின் முகம்தான் அவன் முகத்தைவிட வெளிறிப் போயிருந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயி, முதலாளி எதுக்கு? கொஞ்சம் மெதுவா பேசு தாயி."

"ஏன் மெதுவா பேசணும்? ஊரை மாத்திச் சொன்னது இவரு, நான் எதுக்குப் பயப்படணும்?"

கென்கே அக்கா கூடையை மூடிக்கொண்டு எழுந்து வந்து செர்வாவின் தோளில் கை வைத்தார்.

"வாயை மூடும்மா, என் வியாபாரத்துல மண்ணைப் போட்டுடாத. போசும்ட்வே ஏரி மீனைக் கடல் மீனுன்னு சப்புக்கொட்டிச் சாப்பிடுற மேஸ்திரியில இருந்து பன்னெண்டு வெல்டர் வரைக்கும் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தாலும், இந்தக் கேட்டுக்குள்ள டக்கோராடியில பொறந்தது நான் ஒருத்திதான்."