வாசல் நம்பருக்கு வந்த தீட்டு

வலியசாலை, திருவனந்தபுரம்
புதன்கிழமை

சிரஞ்சீவி மாப்பிள்ளை கௌசிக்குக்கு, வெங்கடேஸ்வரன் அநேக ஆசீர்வாதம். ஜானவியும் நீங்களும் க்ஷேமமாக இருப்பீர்கள். இங்கும் க்ஷேமம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. இரண்டு நாளாகப் போனில் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறீர்கள், ஆகவே இந்த ஈமெயில்.

நம் தெரு சமூகத்துக்கு ஆள் ரெஜிஸ்டரும் பல்லக்குப் பட்டியலும் போட நீங்கள் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை உற்சவம். சுவாமி பல்லக்குக்கு நாலு தோள் வேண்டும், பட்டியலில் ஒரே தோள்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லார் போனிலும் 'பிச்சுமணி காலமானார்' என்று செய்தி வந்தது. எங்காத்து மாடியில் குடியிருந்து, ஆடியில் நாகர்கோவிலுக்கு மகனிடம் போனாரே, அவர்தான். பாவம், போய்ச் சேர்ந்துட்டார்னு நானும் மடத்து வாசல் போர்டில் எழுதிப் போட்டேன். பத்து நிமிஷத்தில் எனக்குப் பத்து நாள் தீட்டுன்னு மெசேஜ், பின்கட்டில் குடியிருக்கிற ரத்னாபாய்க்கும் தீட்டு. உங்களைக் கூப்பிட்டேன். "மாமா, வீடு ஒரு ஆப்ஜெக்ட், ஆள் ஒரு ஆப்ஜெக்ட். தீட்டு விதியை வீட்டுக்குள்ள வெச்சுட்டேன், ஆளுக்கு மாத்திடறேன்"னேள். தீட்டு தாயாதி பங்காளிக்குத்தானே, வாசல் நம்பருக்கு உண்டோ? மாத்தினேள். இப்போ அது ஒரே கோத்திரம்னா தாயாதின்னு எடுத்துண்டுடுத்து. தெருவுல முக்காவாசி அவரைப் போல பாரத்வாஜ கோத்திரம், என்னையும் சேர்த்து அத்தனை பேருக்கும் தீட்டு. மிச்சப் பேர்ல மூட்டுவலி இல்லாதவா யாருமில்லை. சாலையில எலக்ட்ரிக் கடை வெச்சிருக்கிற யோசுவா பேரும், சீரியல் பல்பு கட்டறதால, ரெஜிஸ்டர்ல இருக்கு. அவருக்குக் கோத்திரக் கட்டம் காலி, தீட்டே ஒட்டலை. "சாரே, முன்பக்கம் வலது தோள்னு மெசேஜ் வந்திருக்கு, எத்தனை மணிக்குக் குளிச்சிட்டு வரணும்?"னு வந்து நிக்கறார். தங்கமான மனுஷர், ஆனா மத்த மூணு தோளுக்கு நான் எங்கே போவேன்? போன வருஷம் முன்தோளுக்கு அடிபிடி ஆனதால, கம்ப்யூட்டர் சொல்றதுதான் பட்டியல், செயலாளர்கூடக் கை வைக்கப்படாதுன்னு தீர்மானம் போட்ட செயலாளரும் நான்தான். சுவாமி என் காலத்துல வெளியில வராம நின்னுட்டா இந்தத் தெருவுல எந்த முகத்தோட நடப்பேன்? ரெண்டு நாளா சாதம் இறங்கலை மாப்பிள்ளை, பயமா இருக்கு.

ஆகவே அந்த விதியை அதற்குரிய இடத்தில் தயவுசெய்து உட்கார வைக்கவும். உங்களுக்கு ஆயுளும் கீர்த்தியும் பெருகட்டும்.

இப்படிக்கு,
தீட்டு என்பதால் தள்ளி நின்று ஆசீர்வதிக்கும்
மாமனார்

பின்குறிப்பு: உங்க மாமியார் இப்பதான் உங்காத்துலேர்ந்து வந்து இறங்கி இதைப் படிச்சா. அங்கேர்ந்தே போன்ல பிச்சுமணி பேரை ரெஜிஸ்டர்லேர்ந்து எடுத்தது அவளாம். வீடு காலி பண்ணிப் போனார்னு குறிக்க இடமில்லை, பேரை எடுக்க இருக்கிறது 'காலமானார்'ங்கற ஒரே பட்டன்தானாம். போன வருஷ தீபாவளிக்கு நீங்க பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்து, "ஒருத்தர் ரெஜிஸ்டரை விட்டுப் போக எத்தனை வழி மாமா?"ன்னு மூணு தடவை கேட்டேள். "ஒரே வழிதான், இதுகூடவா தெரியாது?"ன்னு சொன்னது நான். பிச்சுமணி வருஷா வருஷம் போலப் பல்லக்குத் தூக்க வந்திருக்கார். மடத்து வாசல்ல பெட்டியோட நின்னு போர்டைப் படிச்சுண்டிருக்கார். முதல்ல அவருக்கு உயிர் குடுங்கோ.