உங்களுக்கென்றே ஓர் ஐஸ் பெட்டி

உள்ளறையில் ஃபோன் மறுபடியும் அடித்தது.

"நாப்பத்தி மூணு!" என்று கூடத்தில் துள்ளினார் கார்த்திகேசன். "நாப்பத்தி மூணாவது கால், மாமா! மெசேஜ் போனா ரெஸ்பான்ஸ் கொட்டும்னு சொன்னேன்ல?"

ஃபோனுக்குச் சொந்தக்காரரான தேவநாதன் எழுந்திருக்கவில்லை. ஏற்கெனவே எடுத்த அழைப்புகளில் என்ன கிடைத்தது என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

வாசகரே, கார்த்திகேசனை உங்களுக்குத் தெரியும். ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். 'இலக்குப் புலி' என்று இந்த இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறேன். யார் எதை விற்றாலும் அதை யாரிடம் விற்க வேண்டும் என்று சொல்லித்தருவது இவர் தொழில். சொந்தமாக ஒரு ஊசிகூட விற்றதில்லை. சென்னையில் ஏதோ ஓட்டலில் இரண்டு நாள் வகுப்பு, மதியம் பஃபே, கழுத்தில் ஓர் அட்டை; சிதம்பரத்தில் கார்த்திகேசனாக ரயிலேறியவர் 'கோச்' ஆகத் திரும்பி வந்து இறங்கினார்.

இவருடைய முதல் சடங்கு, கடைக்காரரைக் கூண்டில் ஏற்றுவது. "உங்க ஐடியல் கஸ்டமர் யாரு?" என்பார். "கடைக்கு வர்றவங்கதான்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாடி பார்த்த வைத்தியர் உறவினரைத் தனியாக வெளியே அழைப்பது போல ஒரு பெருமூச்சு. பிறகு, உலகத்தில் இல்லாத ஒருவரை உண்டாக்கி, பெயர், வயது, சம்பளம், குடிக்கிற காபி வரைக்கும் எழுதித் தருவார். காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலைக்காரர் ஒருவருக்கு 'ஸ்ரீமதி, இருபத்தொன்பது வயது, யோகா செய்பவர்' என்று எழுதிக் கொடுத்தார். அந்த மனிதர் இன்றும் தவிட்டு மூட்டை தூக்க வருகிறவர்களுக்கு நடுவே ஸ்ரீமதியைத் தேடிக்கொண்டிருக்கிறார். கடலூர் முதுநகரில் ஒரு தையற்கடைக்காக, ஃபோன் விளம்பரம் யாருக்கெல்லாம் போக வேண்டும் என்று வரைபடத்தில் கடையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு வட்டம் போட்டார். பாதி வட்டம் வங்காள விரிகுடாவில் விழுந்தது. மத்தி மீன் ஜாக்கெட் தைக்க வருமா? வரவில்லை. "அல்காரிதம் இன்னும் கத்துக்கிட்டிருக்கு" என்றார். புலி தப்பே செய்யாது.

இவர் கையில்தான் தேவநாதன் சிக்கினார். மஞ்சக்குப்பத்தில் பந்தலும் நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணப் பந்தலும் அவர்தான். சாவு வீட்டுக்கு உடலை வைக்கும் ஐஸ் பெட்டியும் அவர்தான். முப்பது வருஷத்தில் ஒரு நோட்டீஸ் அடித்ததில்லை. துக்க வீட்டில் பெட்டியை இறக்குவார், காரியம் முடிந்ததும் எடுப்பார், கைகூப்புவார். "வரேன்" என்று மட்டும் சொல்ல மாட்டார். அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாத சொல் அது. இந்த மரியாதை தெரிந்தவர் என்பதால்தான் ஊர் தன் கல்யாணத்துக்கும் கூசாமல் அவரையே கூப்பிட்டது.

அவருக்குப் புலி கண்டுபிடித்த ஐடியல் கஸ்டமர் யார்? எழுபது வயதுக்கு மேல், சொந்த வீடு, பிள்ளை வெளிநாட்டில். கல்யாண ஆர்டர் நோட்டிலிருந்து எண்களைப் பொறுக்கி, தேவநாதனின் ஃபோனிலிருந்தே, அவரிடம் ஒரு வார்த்தை காட்டாமல், இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இதை அனுப்பியிருந்தார்:

"அன்புடையீர்! உங்களுக்கென்றே ஓர் ஐஸ் பெட்டி! இன்றே முன்பதிவு செய்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. எங்கள் சேவை பிடித்திருந்தால் மீண்டும் மீண்டும் வருக!"

என் மாமியாருக்கும் வந்தது. என் மகளின் காதுகுத்துக்குச் சொல்லியிருந்த நூறு நாற்காலியை வேண்டாமென்று சொல்லிவிட்டு வரும்படி வீட்டில் என்னை விரட்டினார்கள். அதனால்தான் தேவநாதன் வீட்டுக் கூடத்தில் நான் நெளிந்துகொண்டிருந்தேன்.

நாற்பத்து நாலாவது அழைப்பைக் கார்த்திகேசனே உள்ளே ஓடி எடுத்துவந்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தேவநாதா, நெல்லிக்குப்பம் வைத்திலிங்கம் பேசுறேன். இன்னும் உசுரோடதான் இருக்கேன்."

"ஐயா..."

"எம் பொண்டாட்டி காலையிலேருந்து சோறு தின்னலப்பா. அதப் படிச்சதுலேருந்து எங் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. நா மூச்சு வுடுறனான்னு பாத்துக்கிட்டே இருக்கா. எம் பையன் கல்யாணத்துக்கு நீதான் பந்தல் போட்ட. தை மாசம் பேத்திக்கும் உன்னத்தான் சொல்லியிருந்தேன். வேணாம்பா. அவ பயப்படுறா."

அவ்வளவுதான். ஃபோன் நின்றது. தேவநாதன் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஊரிலுள்ள அத்தனை வீட்டு அழுகைக்கு நடுவிலும் அசையாமல் நின்ற அந்தத் தோள்கள், ஐயோ, அன்று அவருடைய சொந்த வீட்டில் குலுங்கின.

புலி என்ன சொன்னார் தெரியுமா?

"பாத்தீங்களா மாமா, கரெக்டா போய்ச் சேந்திருக்கு! எழுபத்தெட்டு வயசு, பையன் கனடா. குறி தப்பவே இல்ல!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் ஃபோனை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பொங்கல் வாழ்த்தை யாருக்குப் பெயர் போட்டுத் தனியாக அனுப்பினீர்கள், யாரையெல்லாம் கும்பலோடு தள்ளிவிட்டீர்கள்? இவரால் நமக்கு என்ன ஆகும் என்று வசதியை அளந்து பார்த்துவிட்டு விசாரித்த நலம் எத்தனை? முதுகுக்குக் கீழே தடவிப் பாருங்கள். வால் முளைத்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

தேவநாதனின் மனைவி தங்கம்மாள் சமையலறையிலிருந்து வந்தார். கார்த்திகேசனின் லேப்டாப்பை மூடி, அவர் கையிலேயே கொடுத்தார். நான் நாற்காலிப் பேச்சை விழுங்கிக்கொண்டேன்.

"நீ கெளம்புப்பா. அவரு நெல்லிக்குப்பம் போவணும். அந்தம்மா கால்ல வுழுந்தாவது ஒரு வாய் சோறு தின்ன வெக்கணும்."

"இல்ல அத்த, ஒரே ஒரு ஃபாலோ-அப் மெசேஜ் போட்டா..."

தங்கம்மாள் வாசலைக் காட்டினார். புலி செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் நின்று திரும்பியது.

"சரி அத்த, போயிட்டு வரே..."

"சொல்லாத," என்றார் தங்கம்மாள். "இப்ப இது சாவு வூடு. சொல்லிக்காமப் போ."

கதவைச் சாத்தினார்.