குவைத்திலிருந்து தாமதமாக வந்த சம்மதம்

தெரிந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்வது ஒரு ரகம். பத்துப் பேர் பார்க்கச் செய்வது இன்னொரு ரகம். என் அக்காவின் நிக்காஹ் அன்று நான் இரண்டாவது ரகம்.

எங்களைப் பெற்ற அத்தாவுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் சபை முன்னால் சம்மதம் சொல்வதாக ஏற்பாடு. மீமிசலில் எங்கள் வீட்டு ஃபைபர் லைனே அதற்குத் தாராளம். ஆனால் நான் பெங்களூரில் நெட்வொர்க் இன்ஜினியர் ஆயிற்றே! சிம் போட்ட டப்பா ஒன்றையும் ரவுட்டரில் சொருகி, "ரெண்டு லைன்லயும் பிரிச்சு விட்டிருக்கேன்" என்று பந்தலில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். (யாரும் கேட்கவில்லை.)

வேகம் சமமில்லாத இரண்டு வழி இருந்தால், பாரத்தை வேகத்துக்குத் தக்கபடி பிரிக்க வேண்டும். ஹைவேயில் பத்து வண்டி விட்டால் சந்துக்குள் ஒரு வண்டி. ஆபீசில் தினமும் இதையே செய்கிறவன், அன்றைய அவசரத்தில் சரிபாதி போட்டுவிட்டேன். பந்தலிலிருந்த அத்தனை பேரும் வைஃபையில் ஏற, சந்து அடைத்துக்கொண்டது. அத்தாவின் படம் ஃபைபரில் பளிச்சென்று வந்தது. குரல் மட்டும் சிம் வழியே ஆடி அசைந்து வந்தது.

முதலில் மாப்பிள்ளையின் அம்மா விசாரித்தார். "அண்ணே, அங்கிட்டு வெயில் எப்படி இருக்கு?"

திரையில் அத்தாவின் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. நேரமாகிறதே என்று, நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் மைக்கை வாங்கினார். "பாய், மகளைக் கட்டிக் குடுக்க ஒங்களுக்குச் சம்மதமா?"

ஸ்பீக்கர் முழங்கியது. "அத ஏன் கேக்குறீங்க! தாங்க முடியல. எப்பத்தான் தொலையுமோ!"

மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருடைய அத்தா எழுந்தேவிட்டார். "அப்ப நாங்க கெளம்பிரவா?"

"முழுச் சம்மதம்! ரொம்பச் சந்தோசம்!" என்றது ஸ்பீக்கர். திரையில் எங்கள் அத்தாவுக்கு முகமெல்லாம் பல்.

உள்ளே அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் நாற்காலிகளைத் தாண்டி ஓடி, சிம் டப்பாவைப் பிடுங்கினேன். வீடியோ கால் அறுந்து, ஃபைபரில் மறுபடி ஒட்டியது.

"வெயிலைச் சொன்னாருங்க! வெயிலை!" என்று கத்தினேன். மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். ஹஜ்ரத் மறுபடி கேட்டார். இந்த முறை அத்தாவின் குரல் உடனே வந்தது, லேசாக உடைந்து. அப்புறம்தான் பிரியாணி இறங்கியது.

போன வருஷம் என் நிக்காஹ். நல்ல ஃபைபர் இருக்கிறது, வீடியோ காலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் அத்தாவிடம் சொன்னேன். கேட்கவில்லை, டிக்கெட் போட்டு வந்துவிட்டார்.

"நெட்டு நல்லாத்தான் இருக்கும்ப்பா" என்றார். "நீயும் அதுக்குப் பக்கத்துலதான இருப்ப?"