விசில் அடித்த பிறகும் நிற்காத கபடி

ஆண்பிள்ளை அழலாம், தப்பில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறவன் நான். அந்த ஊரில் என்னை நானே சேர்த்துக்கொள்ளவில்லை என்பது முழங்கால் பிசகிய அன்றுதான் தெரிந்தது.

பிள்ளையார்பாளையத்தில் பையன்களுக்குக் கபடி பயிற்சி தருகிறேன். காலையில் தெருவில் தறிக்கான பட்டு நூலை, பாவு என்று, நீளமாக விரித்திருப்பார்கள். (அங்கே போய்க் குதித்தால் நம்மையும் சேர்த்து நெய்துவிடுவார்கள்.) அதனால் சாயங்காலம், தெருமுனைக் காலி மனையில்தான் ஆட்டம். கூடவே என் பிரசங்கமும் உண்டு. "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்கடா. அழுவ வந்தா அழுங்க. கேலி பண்றவன்தான் கோழை."

அதற்கு அவசியமும் இருந்தது. ஐயம்பேட்டை அணியிடம் தோற்றபோது எங்கள் தினேஷ் தேம்பி அழ, மற்றவர்கள் அவனுக்குத் 'தண்ணி லாரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பையன் வருவதையே நிறுத்திவிட்டான். நான் வீடு தேடிப் போய், "நான் இருக்கேன், வாடா" என்று கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டி. என் மனைவி செல்வியோடு தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. நான் தொடையைத் தட்டிக்கொண்டு (ஆடியது தொப்பை) "கபடி கபடி" என்று பாடிப் போனேன். என் மகன் கார்த்தி பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். அருமையான பிடி, நான் சொல்லித் தந்ததாயிற்றே! முழங்கால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம்.

விசில் அடித்தார்கள். நான் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுத்து "ஐயோ அம்மா!"தான் வரும் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் அதை எப்படி விடுவது?

"இன்னா சார், விசில் அடிச்சாச்சு, இன்னும் பாடிக்கினு இருக்கீங்க?" என்றான் ஒருவன்.

"அப்பா, ரொம்ப வலிக்குதாப்பா?" கார்த்தியின் முகம் வெளுத்துவிட்டது.

"கபடி கபடி கபடி."

தூக்கி ஷேர் ஆட்டோவில் போட்டார்கள். "எங்கப்பா போவணும்?" என்று கேட்ட டிரைவருக்கும் அதே பதில்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போப்பா," என்றாள் செல்வி. "ஊருக்குத்தான் உபதேசம். இவரு வாயில இருந்து வலிக்குதுன்னு ஒரு வார்த்தை வராது."

எதிரே என் காலை மடியில் தாங்கிக்கொண்டு வந்த தினேஷ் மெதுவாகக் குனிந்தான். "சார், அழுங்க சார். நான் இருக்கேன்."

அவ்வளவுதான். தண்ணி லாரியெல்லாம் எம்மாத்திரம், தாமல் ஏரி மதகே திறந்துகொண்டது! என்னைப் பார்த்துக் கார்த்தியும் அழ, எங்கள் இருவரையும் பார்த்துச் செல்வி சிரிக்க, ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஓடிவந்து, "இவங்கள்ல யாருக்கும்மா அடிபட்டுச்சு?" என்று கேட்டார்.

முழங்கால் சரியாகிவிட்டது. அன்று வாங்கிய பெயர்தான் போகவில்லை. நான் எதற்காவது முகத்தைத் தூக்கிக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்றால் போதும், "கார்த்தி, உங்கப்பா பாட ஆரம்பிச்சிட்டாருடா" என்று செல்வி குரல் கொடுப்பாள். மைதானத்தில் யாராவது அடிபட்டுப் பல்லைக் கடித்தால், தினேஷ் ஓடிப்போய் தோளில் கை போடுவான். "விசில் அடிச்சாச்சுடா, அழு."

போன மாதம் கார்த்தி கல்லூரி விடுதிக்குக் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் நான் அவன் பையின் ஜிப்பையே இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அப்பா, விசில் அடிச்சாச்சுப்பா."

பஸ் மொத்தமும் எங்களைத்தான் வேடிக்கை பார்த்தது.