மாப்பிள்ளை கழற்றிய வோல்வோ

மேலாளரின் தலை வோல்வோவுக்குள் இருந்தது, கால்கள் வெளியே இருந்தன. இடைப்பட்ட பகுதி கியர் கம்பிக்கும் இருக்கைக்கும் நடுவில் வசமாக மாட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, வெளிய வர முடியுதா இல்லையா?" டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி கேட்டாள்.

"முடியாமல்லாம் இல்ல. வரவேண்டிய அவசியம் இன்னும் ஏற்படலை," என்றது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அவர் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். ஒரு பெட்டியின் மூலை லேசாக நசுங்கியிருந்தால் போதும். அதை மேஜைமேல் வைத்து, நாலு பேரைச் சுற்றி நிற்கவைத்து, "இது பெட்டி இல்லை, ஒரு மனப்பான்மை" என்று மத்தியானம்வரை பேசுவார். கேட்டவர்கள் மனப்பான்மையைத் திருத்திக்கொண்டார்களோ இல்லையோ, அடுத்த முறை நசுங்கிய பெட்டியை அவர் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டார்கள். தொழிற்சாலையில் தரம் உயர்ந்தது இப்படித்தான்.

வோல்வோ அவருடையதல்ல, மாமனாருடையது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினாற்போன்ற பழைய இருநூற்று நாற்பது மாடல், கரும்பச்சை நிறம், பின்பக்கம் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம். மாமனார் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்ற பெண்கள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கும், பிறகு கல்யாணத்துக்கும் அதே வண்டியில் கொண்டுபோய் இறக்கியவர். பெண்களைக் கட்டிக்கொடுத்தபோது கலங்காத மனிதர், இந்த வண்டியைக் கழுவக் கொடுத்தால்கூடப் பின்னாலேயே நடந்து போவார்.

அந்த வண்டியில் ஒரே ஒரு குறை. உள்ளே காற்று வீசும் விசிறியைப் போட்டால் கீச் என்று சத்தம் வந்தது.

போன மாதம் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கீச் பற்றிப் பேச்சு வந்தபோது மேலாளர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் உரை ஆரம்பம் என்று அர்த்தம்.

"சத்தங்கிறது ஒரு அறிகுறி. வேரைக் கண்டுபிடிக்கணும். மெக்கானிக்குகளுக்கு அந்தப் பார்வை கிடையாது. என்கிட்ட விடுங்க மாமா. ஒரே மாசத்துல புதுசு மாதிரி உங்க வாசல்ல கொண்டுவந்து நிறுத்தறேன். நிறுத்தலைன்னா இனிமே இந்த வீட்ல வண்டியைப் பத்தி வாயே திறக்கமாட்டேன்."

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார் எதிரே இருந்த சகலை. வங்கிக்காரர். சிரிப்பை அடக்குவதற்காகத் தண்ணீர் குடித்து, அது மூக்கில் ஏறி இருமினார்.

"ஒரு கீச்சுக்காக எதுக்கு மாப்ளே..." என்று மாமனார் இழுத்தார்.

"மாப்பிள்ளை இவ்வளவு ஆசையாக் கேக்கறார்," என்றார் மாமியார். அதற்குள் சாவி அவர் கையில் இருந்தது. சாவி எப்போது ஆணியிலிருந்து இறங்கியது என்று யாருமே பார்க்கவில்லை.

"அவரே பார்க்கட்டும்ப்பா. அவருக்குக் கைராசி ஜாஸ்தி," என்றாள் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பற்றி நாலு பேர் நடுவில் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. கீழே வைத்த கரண்டியை மேலாளர் மறுபடி எடுக்கவே மறந்துபோனார்.

வண்டி வந்து சேர்ந்ததும் முதலில் ஆய்வு நடந்தது. முன்பக்கத்தில் இரண்டு சொட்டை, இடது கதவில் நீளமாக ஒரு கீறல், பக்கக் கண்ணாடி ஒன்று டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. "உலோகச் சோர்வு," என்று மேலாளர் தீர்ப்பு சொன்னார்.

இப்போது அவர் விசிறியைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு அஸ்திவாரம் எங்கே இருக்குமோ அங்கே இருந்தது விசிறி. அதைத் தொட வேண்டுமானால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். பொறுமை உள்ளவர்கள் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பார்கள். மேலாளர் கிடைத்த ஸ்க்ரூக்களை எடுத்தார். கிடைக்காதவை இல்லவே இல்லை என்று முடிவு செய்து, காலை ஊன்றி இழுத்தார்.

டேஷ்போர்டு வந்தது. நடுவில் ஒரு நீளமான விரிசலோடு வந்தது.

"உடைஞ்சிடுச்சா?" என்றாள் மனைவி.

"விட்டுக்கொடுத்திருக்கு."

"பரவாயில்லங்க, மனசைத் தளர விடாதீங்க. மெதுவாச் செய்யுங்க. அவசரமே இல்ல."

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர்கள் குடல்போலச் சரிந்து கிடந்தன. இங்கேதான் மேலாளரின் தொழில் திறமை வெளிப்பட்டது. ஒவ்வொரு ஒயரிலும் ஒரு வட்ட ஸ்டிக்கர், ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் ஓர் எழுத்து, ஓர் எண். தொழிற்சாலையில் நல்ல பெட்டிக்கு ஒட்டும் பச்சை ஸ்டிக்கர்தான். முடித்துவிட்டு, வண்டி நின்ற ஷெட்டின் தகரக் கதவை இழுத்து மூடிவிட்டு ஆபீஸ் போனார். வெயில் அடித்தது. தகரம் சுட்டது. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தபோது, ஒயர்களெல்லாம் பிறந்த மேனியாகத் தொங்கின. ஸ்டிக்கர்கள் தரையில் பச்சைப்பசேலென்று உதிர்ந்து கிடந்தன.

"அழகா இருக்குங்க," என்றாள் மனைவி.

நினைவை வைத்தே ஒயர்களை மாட்டினார். விசில் அடித்துக்கொண்டே மாட்டினார். பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பேசவில்லை, வைப்பர் மட்டும் ஆடியது. விளக்கைப் போட்டார், டிக்கி விளக்கு எரிந்தது. பிரேக்கை மிதித்தார்.

ஹார்ன் அலறியது.

பயந்து காலை இன்னும் அழுத்தினார். ஹார்ன் இன்னும் அலறியது.

பக்கத்து வீட்டில் பல் டாக்டர் வைத்தியசாலை வைத்திருந்தார். சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது, கையில் குறடு.

"சார், என்ன இது? நாற்காலியில இருந்த ஆளு எழுந்து தெருவுல ஓடிட்டார். வாயைக்கூட மூடலை."

"ஒரு சின்னச் சோதனை, டாக்டர்."

"அடுத்த தடவை முன்கூட்டியே ஒரு குரல் குடுங்க. அவர் துள்ற நேரம் பார்த்து நான் பல்லை எடுத்துடறேன்."

அன்று மேலாளர் மனைவியிடம் சன்னமான குரலில் சொன்னார்: "பேசாம ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டிடலாமான்னு..."

"மெக்கானிக்கா?" அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டு மெக்கானிக்கா? என் அக்கா புருஷன் சிரிக்கமாட்டாரா? நீங்களேதான் செய்யணும். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"உதிரிக்காக இன்னொரு பழைய வோல்வோ இருந்தா..."

"வாங்கிக்குங்க."

மேலாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் ஒரு புதுச் செருப்புக்காக அவர் மூன்று தடவை மனுப் போட வேண்டியிருந்தது. தனக்குள் இருந்த பொறியாளனைக் கடைசியில் இவளாவது கண்டுகொண்டாளே என்று நினைத்துக்கொண்டார்.

உடைசல் கடையிலிருந்து இன்னொரு இருநூற்று நாற்பது, லாரிமேல் ஏறி வந்தது. ஷெட்டில் இடமில்லை. மேலாளர் அதைத் தன் வாசலில் பாதியும் பல் டாக்டர் வாசலில் பாதியுமாக நிறுத்தினார். அதன் டேஷ்போர்டில் விரிசல் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. இந்தத் தடவை ஸ்க்ரூக்களை ஒழுங்காகத் தேடி எடுத்து, அதைக் குழந்தையைப் போலத் தூக்கிவந்து மாமனார் வண்டியில் பொருத்தினார்.

பொருந்தியது. ஆனால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இருந்தது, வேகம் காட்டும் மீட்டர் மறுபக்கம் இருந்தது.

வந்த வண்டி, சாலையின் மறுபக்கம் ஓட்டுகிற ஏதோ ஒரு நாட்டுக்காகச் செய்யப்பட்டது. வாங்கும்போது அதன் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று மேலாளர் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் டேஷ்போர்டின் மூலை நசுங்காமல் இருக்கிறதா என்பதைத்தான்.

மனைவி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் முகத்துக்கு நேரே இருந்த மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். "நல்லதாப் போச்சுங்க. அப்பா ஓட்டட்டும், அம்மா வேகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

"கிண்டலா?"

"சேச்சே. அப்படியே விட்டுடுங்கன்னு சொல்றேன்."

மாமியாரும் அடிக்கடி போன் செய்தார். "வண்டி எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"இன்னும் கொஞ்சம் பிரிஞ்சுதான் இருக்கு அத்தை."

"இருக்கட்டும், இருக்கட்டும். நிதானமாப் பண்ணுங்க. கையில அடிபடாமப் பார்த்துக்குங்க."

இப்படி ஒரு மாமியார் யாருக்கு வாய்ப்பார்! அந்த உற்சாகத்தில் மேலாளர் பழுது பார்ப்பதை விட்டு மேம்பாட்டில் இறங்கினார். வண்டி தாழ்வாக இருந்தால்தான் கம்பீரம் என்று எங்கோ படித்திருந்தார். நான்கு ஸ்பிரிங்குகளிலும் தலா ஒரு சுருளை அறுத்தார். ஜாக்கியை இறக்கினார். வண்டியும் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால், ஷெட் வாசலில் இருந்த சிமெண்ட் மேட்டைவிட சைலன்சர் தாழ்வாக இருந்தது. இனி வண்டி ஓடினாலும் வெளியே வர முடியாது.

அடுத்த நாள் மாமனாரே போன் செய்தார்.

"மாப்ளே, மாசம் முடியப் போகுது. நானும் தினம் வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்து பார்க்கறேன். உன் அத்தை பாரு, டாக்சியில போங்கறா. பின் சீட்டுல உக்கார எனக்கு என்ன வயசாயிடுச்சா? உன் சகலை, வண்டியை மறந்துடுங்கன்னு சிரிக்கறான். நான் உன்னைத்தான் நம்பியிருக்கேன். ஞாயித்துக்கிழமை எதிர்பார்க்கலாமா?"

கிழவரின் குரல் லேசாக நடுங்கியது. மேலாளரின் நாக்கில் ஓர் உரை தயாராக இருந்தது, ஆனால் வரவில்லை. "கொண்டுவரேன் மாமா," என்று மட்டும் சொன்னார்.

"எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?" என்றாள் மனைவி. "ஏதோ ஒரு பார்ட் கிடைக்கலை, அது கப்பல்ல வருதுன்னு சொல்லிடுங்களேன்."

"இல்ல. சொன்னது சொன்னதுதான்."

"ஸ்பிரிங் அறுத்ததுக்கப்புறம் அம்சமா இருக்கு. அதைப் போய் ஏன் கெடுக்கணும்?"

மேலாளர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் செய்த வேலையைத் தானே சோதித்துப் பார்த்தார். தேறவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மேம்பாடு ஒவ்வொன்றையும் கழற்றினார். உடைசல் வண்டியின் ஸ்பிரிங்குகளை எடுத்துப் போட்டார், வண்டி நிமிர்ந்தது. விரிசல் விட்ட பழைய டேஷ்போர்டைப் பசை போட்டு ஒட்டினார். பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது: எந்த ஒயர் எங்கே போகிறது என்பது, இத்தனை நாளும் வாசலில் நின்ற அந்த இன்னொரு வண்டிக்குள் அப்படியே இருந்தது. அங்கே ஓடிப்போய் நிறத்தைப் பார்ப்பார், இங்கே ஓடிவந்து மாட்டுவார். முழங்கை சிராய்த்தது. நகம் பெயர்ந்தது. யாருக்கும் எதையும் விளக்கவில்லை. பல் டாக்டர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா சார்? பேச்சையே காணோம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி முன்னதாகவே அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள். "வண்டி வராதுன்னு அப்பாகிட்ட நானே பக்குவமாச் சொல்லிடறேன்," என்றாள். அவள் தலை மறைந்ததும் மேலாளர் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் ஒரு தடவை இருமியது, தொண்டையைச் செருமியது, பிறகு ஓட ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் பிரேக் பிடித்தது. ஹார்னை அழுத்தினால் ஹார்ன் அடித்தது. இதைவிடப் பெரிய ஆச்சரியத்தை மேலாளர் கண்டதில்லை. கழற்றிவைத்த விசிறியை மட்டும் திரும்ப மாட்ட மறந்திருந்தார், அது அலமாரியில் இருந்தது. விசிறி இல்லாததால் கீச்சும் இல்லை. தரக் கட்டுப்பாட்டின்படி குறை நீங்கிவிட்டது.

மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். மனைவியும் மாமியாரும் வெளியே ஓடிவந்தார்கள். வந்த வேகத்தில் அப்படியே நின்றார்கள்.

"ஓடுதா?" என்றார் மாமியார்.

"ஓடுது அத்தை!"

"தானாவா?"

"தானாவேதான்!"

"யாரைக் கேட்டுச் சரி பண்ணினீங்க?" என்றாள் மனைவி. அவள் கண்களில் தண்ணீர். ஆனந்தக் கண்ணீர் என்று மேலாளர் எடுத்துக்கொண்டார்.

மாமனார் படியில் தடவித் தடவி இறங்கிவந்து மேலாளரைக் கட்டிக்கொண்டார். "என் மானத்தைக் காப்பாத்திட்டே மாப்ளே. சகலையாவது, சுண்டைக்காயாவது!" பானட்டைத் தடவிக் கொடுத்தார். "பெயிண்டும் அடிச்சிருக்கியே. இந்தச் சிவப்பு எடுப்பா இருக்கு."

கரும்பச்சை வண்டியைப் பார்த்து மாமா ஜோக் அடிக்கிறார் என்று மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார். "அம்மா, சாவி!" என்று மனைவி கத்துவதற்குள் மாமனார் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டுவிட்டார்.

வண்டி ஒரு பூந்தொட்டியின்மேல் ஏறி இறங்கியது. கேட்டின் ஒரு கதவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு தெருவுக்குள் இறங்கி, எதிர்ச் சாரியில் இருந்த தபால் பெட்டியின் எதிரில் நின்றது. மாமனார் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், சிவப்புச் சட்டை! ஓரமா நில்லுய்யா!"

தபால் பெட்டி நகரவில்லை. மாமனார் ஹார்ன் அடித்தார். மனைவி சாவியைப் பிடுங்கத் தெருவில் ஓடினாள். மேலாளர் திரும்பி மாமியாரைப் பார்த்தார்.

மாமியார் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கண் டாக்டர் இவருக்கு இனிமே வண்டியே கூடாதுன்னுட்டார், மாப்பிள்ளை. வித்தா சாப்பிடமாட்டார், சாவியை ஒளிச்சா பூட்டை உடைப்பார், என்னதான் பண்றதுன்னு தவிச்சப்போ, உங்ககிட்ட ரிப்பேருக்குக் குடுத்தா ஜென்மத்துக்கும் ஓடாதுன்னு உங்க பொண்டாட்டி சத்தியம் பண்ணினாளேன்னு நம்பித்தானே குடுத்தோம்!"