பாப்பரசருக்கு நான் போட்ட வரம்பு

தூத்துக்குடி,
9-2-1958

அன்புள்ள மைத்துனன் ஹென்றிக்கு,

சேசு மரி சூசை உன் வீட்டையும் வள்ளத்தையும் காக்கட்டும். ஆலந்தலையில் எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லாரும் சுகம்.

போன மாதம் பங்கு வாலிபர் சங்கத்தில் இடைக்காலப் பாப்பரசர்களின் அதிகார எல்லைகள் பற்றிப் பேசினேன். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவனுக்கு ஊரில் கிடைக்கும் மரியாதைதான் தெரியுமே, பாதி நாற்காலி காலி. பாப்பரசர் திருச்சபைச் சொத்துக்குக் காரியக்காரரே தவிர உடைமைக்காரர் அல்லர் என்று பாரீஸில் அன்றே எழுதினார்கள். தலை உடம்புக்குக் கேடு செய்தால் ஆயர்களின் பொதுச்சங்கம் கூடித் தலையை மாற்றலாம் என்றார்கள். கான்ஸ்டன்ஸ் நகரத்தில் நான்தான் பாப்பரசர் என்று நின்ற மூவரையும் ஒதுக்கிவிட்டு வேறொருவரை வைத்தார்கள். எல்லாம் சொன்னேன். பங்குச்சாமியார் முகம் சுண்டிப்போயிற்று. மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். என் மகள் ஜெசிந்தா மட்டும் கவனித்துக் கேட்டாள். பெருமைப்பட்டேன், முட்டாள்.

மறுவாரமே, துறைமுகத்தில் வேலை பார்க்கும் தஸ்நேவிஸைத்தான் கட்டுவேன் என்றாள். அவன் அப்பன் யார்? என் முதல் பிரசங்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்ட மனுஷன். அந்தக் குறட்டை இன்னும் என் காதில் கேட்கிறது. இந்த வீட்டுக்குத் தலைவன் நான், முடியாது என்றேன். "தலை உடம்புக்குக் கேடு செஞ்சா என்ன செய்யணும்னு நீங்கதானப்பா சொன்னிய?" என்கிறாள். உன் அக்காள் அடுப்படியில் இருந்தபடியே, "ஏளா, சங்கத்தக் கூட்டு. ஹென்றிக்கு ஆளனுப்பு" என்கிறாள். நீயும் பஸ் ஏறி வந்தாய். என் வீட்டுச் சீலா மீன் குழம்பைத் தின்றுகொண்டே எனக்கு எதிராகக் கை தூக்கினாய். நல்லா இரு.

வேறு வழியில்லாமல் பங்குச்சாமியாரிடமே ஓடினேன். மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற கல்யாண ஓலையை வாசிக்காதேயும் சாமி, உமக்கு அதிகாரம் இருக்கிறது என்று கெஞ்சினேன். "வாத்தியாரே, பாப்பரசருக்கே வரம்பு போட்டீரு. நான் வெறும் பங்குச்சாமி. பொண்ணும் மாப்பிள்ளையும் சம்மதிச்சா, தடுக்க எனக்கு ஏது அதிகாரம்? அதுவும் உம்ம இடைக்காலத்துச் சட்டந்தான், போய்ப் படியும்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

களைப்பாக இருக்கிறது ஹென்றி. பாப்பரசரை எதிர்த்தவர்களுக்காவது ஒரு ராஜா துணை நின்றான். எனக்கு யார்? கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். இது முடிவு. உன் பிள்ளைகளுக்கு என் முழு ஆசீர்; உனக்குப் பாதி போதும்.

இப்படிக்கு,
வியாகுலம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் தஸ்நேவிஸ் வந்தான். கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. அன்றைக்குக் கப்பல் வேலையாம், என் பிரசங்கத்துக்கு வர முடியவில்லையாம். எழுதிவைத்ததைக் கேட்டு வாங்கிக் கடைசிவரை வாசித்தான். "அந்தச் சங்கமே தப்புப் பண்ணுனா அதக் கேக்குறது யாரு, மாமா?" என்றான். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. பதிலைப் புத்தகங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். வருகிற ஞாயிறு முதல் ஓலை. சாமியாரிடம் நானே சொல்லிவிட்டேன். நீ முந்தின நாளே வந்துவிடு. கோயிலில் அவன் அப்பன் பக்கத்தில் உட்கார். தூங்கினால் விலாவில் இடித்து எழுப்பு.